ரத்தக் கறை ரிப்போர்ட் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தம்பி ரப்பர் பால் வெட்டுகிறவர். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்து கிடந்தார். இருவருக்கும் முன்பு வேலித் தகராறு இருந்ததால் தம்பியைப் பிடித்துப் போனார்கள். வீட்டுச் சாய்ப்பில் இருந்த வெட்டுக்கத்தியையும் ஒரு சட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. ஆய்வக அறிக்கையில் ‘மனித ரத்தம், ஓ வகை’ என்று இருக்கிறது. இறந்தவருக்கும் ஓ வகைதான். ‘ரிப்போர்ட்டு வந்தாச்சுல்லா, இனி என்னத்தச் செய்ய? ஒத்துக்கிட்டா தண்டனையாவது குறையும்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அது சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை அக்கா. இரண்டு விதத்திலும் சரியில்லை.

ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழி நம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அது கிடையாது. கொலை வழக்கில் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள். ஒப்புக்கொள்வதால் தம்பிக்கு ஒரு நாள்கூடக் குறையப்போவதில்லை. இந்த யோசனையை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த அறிக்கைக்கு வருவோம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கிரிமினல் வழக்கு நடத்தியவன் நான். தம்பி செய்தாரா இல்லையா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். அந்த அறிக்கை அதைச் சொல்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

ரத்தப் பரிசோதனை மூன்று படியாக நடக்கும். கறை ரத்தம்தானா என்பது முதல் படி. ஒரு ரசாயனத்தை விட்டால் நிறம் மாறும். இது ‘இருக்கலாம்’ என்று சொல்லும் சோதனைதான். துருவும் சில செடிகளின் சாறும்கூட அந்த நிறத்தைக் கொண்டுவரும். அது மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்பது இரண்டாம் படி. எந்த வகை என்பது மூன்றாம் படி. உங்களிடம் உள்ள அறிக்கை மூன்றையும் தாண்டி ‘மனித ரத்தம், ஓ வகை’ என்ற இடத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு அடி போகவில்லை.

ஓ வகை என்றால் என்ன? நம் ஊரில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓ வகைதான். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரும் ஒரு பஸ்ஸில் அறுபது பேர் இருந்தால் இருபது பேருக்கு மேல் அந்தச் சட்டையோடு ‘பொருந்துவார்கள்’. வகை பொருந்தாவிட்டால் ஒருவரை விலக்கலாம். பொருந்திவிட்டது என்பதற்காக அவர்தான் என்று சொல்ல முடியாது. அந்த ரத்தம் என்றைக்கு அங்கே விழுந்தது என்பதும் இந்தச் சோதனையில் தெரியாது. போன வாரம் விழுந்ததா, போன வருடம் விழுந்ததா என்பதற்கு அறிக்கையில் பதில் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தம்பியின் ரத்த வகை என்ன? பால் வெட்டுகிறவர் கையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார்கள். பட்டையைச் சீவுகிற கத்தி ஈரத்தில் வழுக்கும். சிரட்டையைச் சரிசெய்யப் போன இடது கைப் பெருவிரலில் கீறும். அதற்காக வேலையை நிறுத்த மாட்டார்கள். கையைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். அந்தக் கறை எத்தனை துவைப்புக்கும் முழுதாகப் போகாது. தம்பிக்கும் ஓ வகை என்றால் அந்த அறிக்கையின் எடை என்ன? கைது செய்தபோது அவர் ரத்த மாதிரியை எடுத்தார்களா, எடுத்திருந்தால் முடிவு எங்கே என்று வக்கீலிடம் கேளுங்கள். நான் நடத்திய வழக்குகளில் பெரும்பாலும் எடுத்திருக்கவே இல்லை.

சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒன்று இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். பிறகு துணி சுற்றிக் கட்டுவார்கள். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் சுத்தமானவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். நெய்தான் தீர்ப்புச் சொல்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் கட்டை அவிழ்த்து ‘இது வெந்தது’, ‘இது வேகவில்லை’ என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார். ஆய்வக அறிக்கையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். கருவி எதைக் காட்டினாலும் அதை எடுத்தவர், கட்டியவர், கொண்டுபோனவர், படித்தவர் என்று நாலு மனிதர்கள் நடுவில் இருக்கிறார்கள். அந்த நாலு பேரையும் கேட்க வேண்டியது நம் வேலை.

ஆகவே நான் அறிக்கையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பொட்டலம் வந்த வழியைப் பார்ப்பேன்.

அந்த வழி இப்படி இருக்க வேண்டும். பொருளை எடுத்த இடத்திலேயே மகஜர், அதாவது கைப்பற்றியதன் விவரக் குறிப்பு, எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பொருளைத் தனித்தனியாகக் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்த வேண்டும். படிவம் 95 நிரப்பிக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். கோர்ட்டின் கடிதத்தோடு திருநெல்வேலியில் இருக்கும் வட்டார ஆய்வகத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். ஆய்வகத்தில் வாங்குகிறவர் முத்திரை உடையாமல் இருக்கிறதா, மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஒரு தேதி விழும். அந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே பாதி வழக்கு தெரிந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் நடத்திய ஒரு செஷன்ஸ் வழக்கு இது. மகஜரில் ‘நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை’ என்று இருந்தது. ஆய்வக அறிக்கையில் ‘வெளிறிய பச்சை நிற முழுக்கைச் சட்டை’. ஒரே எண், ஒரே பொட்டலம். குற்றப்பத்திரிகையை மூன்று முறை படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. என் சீனியர்தான் விரலை வைத்துக் காட்டினார். பொட்டலத்தைக் கொண்டுபோன காவலரை விசாரித்தபோது, எடுத்த நாளுக்கும் கோர்ட்டுக்கு வந்த நாளுக்கும் நடுவே பதினேழு நாள் இருந்தது. ‘அந்தப் பதினேழு நாளும் எங்கே இருந்தது?’ என்று கேட்டேன். ‘ஸ்டேஷன்ல பீரோ மேல’ என்றார். பூட்டினீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பூட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். என் கட்சிக்காரர் விடுதலையானார். அதற்குள் பாளையங்கோட்டை சிறையில் இரண்டு வருடம் இரண்டு மாதம் போயிருந்தது. அவர் மகளுக்கு அப்பா யாரென்று அடையாளம் தெரியவில்லை. கோர்ட் வராந்தாவில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இறந்துபோனவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அந்தச் சட்டை உண்மையிலேயே கொன்றவனுடையதாக இருந்திருந்தால், பீரோ மேல் கிடந்த பதினேழு நாளில் அவர்களுக்கான நியாயமும் சேர்ந்து போயிருக்கும். பொட்டலத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்று கேட்பது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணத்தின் மேல் கோபம்தான் வருகிறது.

இது நம் ஊர் ஸ்டேஷனில் மட்டும் நடப்பதும் இல்லை. டெல்லியில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்ட சாவ்லா வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்து ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. டி.என்.ஏ. பொருந்தியது என்றார்கள். 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் மூவரையும் விடுவித்தது. 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயிருந்தன. அதுவரை காவல் நிலையத்துப் பொருள் அறையில் கிடந்தன. அந்த டி.என்.ஏ. முடிவு எந்த அடிப்படையில் வந்தது என்பதைக் கீழ்க் கோர்ட்டும் ஆராயவில்லை, ஹைகோர்ட்டும் ஆராயவில்லை என்று தீர்ப்பில் சொன்னார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் தேனி சுருளி அருவி வழக்கு இருக்கிறது. 2011இல் ஒரு ஜோடி கொல்லப்பட்டது. ஒருவருக்குத் தூக்கு. நம் வழக்குகளும் போகிற அதே ஹைகோர்ட் மதுரைக் கிளை 2019இல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது. மாதிரிகள் யார் கையில், எப்படி, எத்தனை நாள் இருந்தன என்பதை அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை. அதோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் சில விதிகளை வகுத்தார்கள். டி.என்.ஏ. மாதிரி எடுக்கும்போது எஃப்.ஐ.ஆர். எண், சட்டப்பிரிவு, காவல் நிலையம், எடுத்த டாக்டர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் எல்லோருடைய விவரமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும். விசாரணைக் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி முத்திரை வைக்கவோ கூடாது. கைமாறிய ஒவ்வொரு முறையையும் குறிக்க ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அது வழக்கு ஆவணத்தோடு சேர வேண்டும். இந்தத் தீர்ப்பு டி.என்.ஏ. பற்றியது. ஆனால் உங்கள் வழக்கில் வெறும் ரத்தக் கறைக்கும் அதே கேள்விகளை வக்கீல் கேட்கலாம். சுப்ரீம் கோர்ட்டே கேட்ட கேள்விகள் என்பதால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கத்தியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பாருங்கள். ‘கிராம நிர்வாக அலுவலரிடம் தானாக வந்து சரணடைந்து ஒப்புக்கொண்டான், பிறகு போலீஸிடம் கத்தியை எடுத்துக் கொடுத்தான்’ என்று தமிழ்நாட்டுக் குற்றப்பத்திரிகைகளில் அடிக்கடி வரும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்ளப் போகிறான்? கோர்ட்டுகளே பல வழக்குகளில் கேட்ட கேள்விதான் இது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. ‘கத்தி சாய்ப்பில் இருக்கிறது’ என்பது செல்லும், ‘இந்தக் கத்தியால் வெட்டினேன்’ என்பது செல்லாது. வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் போட்ட கோடு அது, இன்றும் அப்படியே நிற்கிறது. எல்லோர் கண்ணிலும் படும்படி சாய்ப்பில் தொங்கிய வெட்டுக்கத்தியை ‘கண்டெடுத்ததாக’ எழுதியிருந்தால், அங்கே கண்டெடுப்பு என்ற ஒன்றே இல்லை. நம் மாவட்டத்தில் வெட்டுக்கத்தி இல்லாத வீடு எது?

ஒப்புக்கொண்டவன் எல்லாம் செய்தவன் என்றும் நினைக்காதீர்கள். டி.என்.ஏ. சோதனை கொலை வழக்கில் முதன்முதலாகப் பயன்பட்டது 1986இல், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில். பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். சோதனை அவன் இல்லை என்று காட்டியது. உண்மையான ஆளுக்கு 1988இல் தண்டனை கிடைத்தது. டி.என்.ஏ. முதலில் செய்த வேலை ஒருவனை விடுவித்ததுதான் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால்கூட இதே கதைதான். மகாராஷ்டிராவில் ஊர் ஊராக அலைந்து பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009இல் சுப்ரீம் கோர்ட்டே தூக்கு விதித்தது. 2019 மார்ச்சில் அதே கோர்ட் மறு ஆய்வு செய்து ஆறு பேரையும் விடுவித்தது. நேரில் பார்த்த சாட்சி ஆரம்பத்தில் போலீஸ் ஆல்பத்தில் வேறு நாலு பேருடைய படங்களை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நாலு பேரை யாரும் தேடவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்கள். பதினாறு வருடச் சிறைக்கு.

விஞ்ஞானம் வளர்ந்த நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., தலைமுடியை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டுத் தன் நிபுணர்கள் சொன்ன சாட்சியங்களைத் தானே மறு ஆய்வு செய்தது. 2015இல் வந்த முடிவின்படி, குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257இல் தவறான கூற்றுகள் இருந்தன. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகை ஓரிகன் மாநில வக்கீல் ஒருவருடையது என்று அதே எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொல்லி அவரைப் பிடித்து வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள்.

சரி, விடுதலையானால் போன வருடங்களுக்கு யார் பதில்? அதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே போதும். நாகர்கோவிலில் பிறந்து டி.வி.டி. பள்ளியில் படித்த விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது செய்தார்கள். ஐம்பது நாள் சிறை. 1996இல் சி.பி.ஐ. அந்த வழக்கில் உண்மை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 1998இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உத்தரவு வந்தது 2018 செப்டம்பரில். நாடே அறிந்த விஞ்ஞானிக்கு இருபத்து நாலு வருடம் பிடித்தது என்றால், பால் வெட்டுகிற ஒருவருக்கு எத்தனை வருடம் ஆகும்? 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், பொய்யாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டத்தில் தனி ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது வரவில்லை. சுருளி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் இதைப் பற்றி எழுதிவிட்டு, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. அதனால்தான் பின்னால் வரும் இழப்பீட்டை நம்பாமல் இப்போதே சண்டை போட வேண்டும் என்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை. குற்றப்பத்திரிகையோடு எல்லா ஆவணங்களின் நகலும் தம்பிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆஜரானதிலிருந்து பதினாலு நாளுக்குள் தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. ஆய்வக அறிக்கையின் கடைசிப் பக்கம், படிவம் 95, ஆய்வகத்துக்கு அனுப்பிய கடிதம், மகஜர், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று ஒன்று குறைந்தாலும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 176(3)ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிற 105ஆம் பிரிவுக்கு அந்த அவகாசமும் இல்லை. சாய்ப்பில் கத்தி எடுத்தபோது யாராவது செல்போனில் படம் பிடித்தார்களா, அந்த வீடியோ கோர்ட்டுக்கு வந்ததா என்று கேளுங்கள்.

அரசு ஆய்வக அறிக்கையை நிபுணரைக் கூப்பிடாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 329ஆம் பிரிவு இருக்கிறது. பலர் இதோடு படித்து நிறுத்திவிடுகிறார்கள். நிபுணரை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் கோர்ட்டுக்கு இருக்கிறது. வக்கீல் மனு போட வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஒருவருக்குப் பதின்மூன்று நாளில் விசாரணையை முடித்துத் தூக்கு விதித்தார்கள். 2019இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. மறுபடியும் தூக்கு. டி.என்.ஏ. நிபுணரை விசாரிக்கவே இல்லை என்று ஹைகோர்ட் மீண்டும் திருப்பி அனுப்பியது. கடைசியில் 2024இல் விடுதலை. பதினோரு வருடம். நிபுணரை முதல் நாளே கூண்டில் ஏற்றியிருந்தால்?

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்கு அழைத்தாலும் சொல்வார்கள். அது தானமில்லை, தம்பியின் உரிமை. கேட்காவிட்டாலும் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1986இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இலவச வக்கீல் என்றால் சுமாராகத்தான் இருப்பார் என்று பயப்படாதீர்கள். நீங்கள் தேதிகளை எழுதிய தாளோடு போய் நின்றால் எந்த வக்கீலும் உட்கார்ந்து படிப்பார்.

சம்பவம் நடந்த நாளில் தம்பி எங்கே இருந்தார் என்பதற்குக் கடை, பெட்ரோல் பங்க், ரப்பர் ஷீட் வாங்குகிற இடம் என்று எங்காவது கேமரா பதிவு இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். அவை தானாக அழிந்து மேலே புதிது பதிவாகிவிடும். அழிந்திருந்தாலும் கடைக்காரரின் பற்று நோட்டில் அன்றைய தேதியில் தம்பி கையெழுத்து இருக்கலாம். பக்கத்தை வெட்டி எடுக்காமல் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நகல்கள் கைக்கு வந்ததும் மகஜரில் சட்டையின் நிறம், கையளவு, பட்டன், கிழிசல், முத்திரை வைத்ததாக எழுதிய வரி ஆகியவற்றை ஒரு பக்கமும், ஆய்வக அறிக்கையில் அதே விவரங்களை இன்னொரு பக்கமும் எழுதி வையுங்கள். சட்டையைத் துவைத்தது நீங்கள். அது தம்பியின் சட்டைதானா என்பது அந்த இரண்டு தாளையும் படித்தால் வக்கீலுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.